நம் ஊர் இளவேனிலைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய், மாசி மாதக் கடைசி வாரம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நான்கு வயதில் ஒரு மகளும் ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகளின் மழலையர் வகுப்பில் சென்ற வாரம் வசந்த காலத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பாடப் படங்களில் பனி உருகி ஓடுவதையும் வரிசை வரிசையாக டூலிப் மலர்கள் நிற்பதையும் பார்த்துவிட்டு வந்தவள், "நம்ம ஊருக்கு வசந்தம் எப்போ வரும் அம்மா?" என்று கேட்டாள். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தது நினைவில் இருக்கிறது; ஆனால் சித்திரை மாதத்து மதுரை வெயிலில் ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் "இதுதான் வசந்தம்" என்று எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஞாயிறு காலை பத்தரை மணிக்கு இருவரையும் ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். சறுக்குமரத்தின் தகடு சுட்டது, புல்லில் கால் வைக்கக் கூடாது என்று காவலர் தடுத்தார், சின்னவன் அழத் தொடங்கினான், அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிட்டோம். நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். வேம்பும் தென்னையும் தவிர மரங்களின் பெயர்கூட அறியேன். எந்த நேரத்தில் போகலாம், எதைக் காட்டலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

அன்புள்ள மகளுக்கு, இளவேனில் சித்திரையில் பிறக்கிறது என்பது நூல்களின் கணக்கு. மரங்கள் அதற்கு முன்பே, மாசி முடிவிலேயே தொடங்கிவிடுகின்றன. மழையில்லாத மாதங்களில் நீர் இழப்பைக் குறைப்பதற்காக இலைகளை உதிர்க்கும் நம் மரங்கள், அடுத்த மழை வரும்வரை காத்திராமல், வெயில் ஏறும் அந்த நாட்களிலேயே துளிர்த்துப் பூத்தும் விடுகின்றன. ஆகையால் உங்கள் மகளிடம், "வசந்தம் வந்துவிட்டது, நாம்தான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை" என்று தயங்காமல் சொல்லலாம்.

எங்கும் பயணப்பட வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு புங்க மரம் இருக்கிறதா என்று பாருங்கள். இஸ்திரி வண்டி எந்த மரத்தடியில் நிற்கிறதோ அது பெரும்பாலும் புங்கமாகவோ வேம்பாகவோதான் இருக்கும், ஏனெனில் அவற்றின் நிழல் அவ்வளவு அடர்த்தி. இப்போது அது பழுத்த இலைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஓரிரு வாரங்களில் எண்ணெய் தடவியதைப் போன்ற மினுமினுப்போடு இளம்பச்சைத் தளிர்கள் மரம் முழுவதையும் மூடிவிடும். பிறகு வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூக்கள் உதிர்ந்து, தரை முழுவதும் பொரியை இறைத்துவிட்டது போலக் கிடக்கும். சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பொரிக்கே ஒப்பிட்டார்கள். உங்கள் மகள் முதல் முறை பார்க்கும்போது தானாகவே "பொரி" என்று சொல்கிறாளா என்று கவனியுங்கள். முப்பது ஆண்டுகளாக என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் நிறுத்தியிருக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை சொல்லாமல் இருந்ததில்லை.

ஒரே மரத்துக்கு வாரம் இருமுறை போங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பத்து இடங்களைக் காட்டினால் பத்தும் வேடிக்கையாகக் கழிந்துவிடும். ஒரே மரம் மொட்டையாகி, துளிர்த்து, பூத்து, காய்ப்பதைக் கண்ட பிள்ளைக்குத்தான் பருவம் என்றால் என்னவென்று புரியும். பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை, பார்த்தால் போதும்.

பங்குனி பிறந்ததும் வேம்பு பூக்கும். விடியற்காலையில் மரத்தடியைப் பெருக்கிவிட்டு ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உதிர்ந்திருக்கும் பூக்களைப் பிள்ளைகளே கையால் கூட்டி அள்ளட்டும். ஒரு பூவைச் சுண்டுவிரல் நுனியில் ஒட்டவைத்துக் கண்ணருகே காட்டினால் ஐந்து இதழ்களும் நடுவில் ஒரு சிறு குழாயும் தெரியும். வாசனை தேனாக இருக்கும். காய வைத்து எடுத்துவைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அவள் பொறுக்கிய பூவையே போடலாம். கசக்கிறது என்று முகம் சுளித்தாலும், அது தன் பூ என்பதால் ஒரு வாய் சாப்பிடுவாள்.

மறுமொழி 2 (திருச்சியிலிருந்து, இரண்டு மகன்களின் தந்தை)

ஆசிரியை அம்மா எழுதியதில் ஒன்றைத் தவிர அனைத்தையும் ஏற்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. என் மூத்த மகனுக்கு நான்கு வயதில் "குக்குறுவான்" என்ற ஒரு சொல் கிடைத்தது. அந்தச் சொல்லை உச்சரிக்கும் மகிழ்ச்சிக்காகவே அந்தப் பறவையைத் தினமும் தேடினான். பெயரைத் தெரிந்துகொண்டுதான் வெளியே போக வேண்டும் என்பதில்லை, ஆனால் திரும்பி வந்தபின் பெரியவர்களிடம் கேட்டாவது ஒரு பெயரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இலைகளுக்குள் மறைந்திருக்கும் பறவையைக் காண்பது கடினம், கேட்பது எளிது. மாசி முதல் சித்திரை வரை வெயில் ஏற ஏற, எங்கிருந்தோ ஒருவர் செம்புப் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டுவது போல "டுக், டுக், டுக்" என்று சீராக ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை அது. நெற்றியும் மார்பும் சிவப்பு. அத்தி, ஆல், அரச மரங்களில் பழம் தின்ன வரும். பட்டுப்போன கிளையில் தானே துளையிட்டுக் கூடு அமைக்கும். ஆகவே காய்ந்த கிளை உள்ள மரத்தை விட்டுவிடாதீர்கள்.

குயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் பலரும் பிள்ளைகளுக்குச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. "கூ... ஊ" என்று கூவுவது கருநிறமான ஆண் குயில், பெண் குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகளோடு இருக்கும், "கிக் கிக் கிக்" என்று கத்தும். பெண் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதையும், அதனால்தான் குயிலைக் கண்டதும் காக்கை துரத்துகிறது என்பதையும் கதையாகச் சொன்னால், பிள்ளைகள் அந்தத் துரத்தலைப் பார்ப்பதற்காகவே மொட்டை மாடியில் காத்திருப்பார்கள். உங்கள் மகளைக் குயிலுக்கு எதிர்க்குரல் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பல நேரங்களில் குயில் குரலை ஒருபடி உயர்த்தி மறுமொழி சொல்லும்.

ஒன்றரை வயது மகனுக்கு மண்தான் சரி. கூரை இறவாரத்திலோ மரத்தடியிலோ மழை நனைக்காத பொடிமண்ணில், புனல் வடிவில் சிறு குழிகள் வரிசையாக இருக்கும். அவை குழிநரி என்னும் பூச்சியின் இளம்புழு அமைத்த பொறிகள். எறும்பு விளிம்பில் கால் வைத்துச் சறுக்கினால், அடியில் பதுங்கியிருக்கும் புழு மண்ணை வீசி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு துடைப்பக் குச்சியின் நுனியால் விளிம்பை மெல்லச் சரித்தாலே, எறும்பு என்று எண்ணி அது மண்ணை எறிவதைக் காணலாம்.

மறுமொழி 3 (குழந்தைகள் நலப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்)

அஞ்ச வேண்டியவை எவை என்று கேட்டிருந்தீர்கள். முதலாவது வெயில்தான். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், தவறினால் மாலை ஐந்துக்கு மேல் செல்லுங்கள். தாகம் எடுக்கிறது என்று சின்னவனால் சொல்ல முடியாது. ஆகவே கேட்காமலேயே கால் மணிக்கு ஒருமுறை சில வாய் தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். பிள்ளை சோர்ந்து தொய்ந்தாலோ, உடல் கொதித்தாலோ, நெடுநேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாவது, உதிர்ந்த பூக்களில் தேனீக்கள் இருக்கும்; புங்கம்பூக் கம்பளத்தில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே அகற்றி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அந்த நொடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இந்தக் காலத்தில் வேலிகளில் குன்றிமணிக் காய்கள் வெடித்துச் சிவப்பும் கருப்புமான விதைகள் பளபளவென்று தெரியும். பிள்ளைகள் விடாமல் பொறுக்குவார்கள். அதைக் கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை ஆகியவையும் அப்படியே. பொறுக்கியதை எல்லாம் ஒரு துணிப்பையில் போடும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்தி, வீடு சேர்ந்ததும் பையை நீங்களே பிரித்துப் பாருங்கள்.

மறுமொழி 4 (மேலூர்க்காரர்)

சகோதரி, தெருமரம் பழகியபின் ஒரு நாள் எங்கள் பக்கம் வாருங்கள். மேலூரை அடுத்த அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த கண்மாய்களும் சுனைகளும் அங்கே உண்டு, பாறை முகடுகளில் ராசாளியும் வல்லூறும் வாழ்கின்றன. ஆனால் சிறு பிள்ளைகளோடு பாறை ஏற வேண்டாம், அது வெகு விரைவில் சுட்டுவிடும். நீர் இருக்கும் கண்மாயின் கரையில் பாய் விரித்து உட்கார்ந்து முக்குளிப்பானைப் பாருங்கள். கையளவே உள்ள அந்தப் பறவை திடீரென்று முழுகும். அது எங்கே எழும் என்று பிள்ளைகள் விரலால் சுட்டிக்கொண்டே எண்ணுவார்கள், அது வேறொரு மூலையில் எழும். பெரியவன் ஒருவன் நீர் விளிம்பில் எப்போதும் நிற்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். சித்திரைக்குள் நீர் வற்றத் தொடங்கிவிடும் என்பதால் பங்குனியிலேயே வந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (நான்கு வாரங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்பது புங்க மரத்தடியில்தான். ஆறு ஆண்டுகளாக அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இஸ்திரி போடும் பெரியவர்தான் எங்களுக்கு ஆசானாகிவிட்டார். கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே, எந்தக் கிளை முதலில் துளிர்க்கும் என்று மகளுக்குச் சுட்டிக்காட்டினார். சொன்னபடியே அதுதான் துளிர்த்தது. பூ உதிர்ந்த முதல் நாள் மகள் குனிந்து இரு கைகளிலும் அள்ளி, என்னிடம் நீட்டி, "பொரி, சாப்பிடும்மா" என்றாள். ஆசிரியை அம்மாவை நினைத்துக்கொண்டேன். வேப்பம்பூ இப்போது முறத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. சின்னவன் குழிநரிக் குழியைவிட்டு எழவே மாட்டேன் என்கிறான்.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று சிலந்தி நூலையும் நார்களையும் சேர்த்துப் பை போலத் தொங்கும் கூட்டைக் கட்டி முடித்திருக்கிறது. துணி உலர்த்த வேறு இடம் இல்லை. கூட்டை மெதுவாகப் பக்கத்துக் கொக்கிக்கு மாற்றலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

மாற்ற வேண்டாம், அம்மா. இடம் மாறினால் பறவை கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். முட்டை பொரிக்க ஏறத்தாழ இரண்டு வாரமும் குஞ்சு பறக்க மேலும் இரண்டரை வாரமும் ஆகும். அதுவரை கம்பியின் மறுமுனையில் மட்டும் சிறு துணிகளைப் போடுங்கள், பெரியவற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுசெல்லுங்கள். பிள்ளைகள் பார்ப்பதற்கு, சன்னல் திரையின் ஓரத்தை நான்கு விரல் அகலம் மட்டும் விலக்கி, உள்ளே ஒரு முக்காலியைப் போட்டு வையுங்கள்.