கலைச்சொல் வேண்டும்: செல்லுக்குள் நடப்பதும் சுவாசம்தானா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இங்கே வரும் மடல்களை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் விடைத்தாள் திருத்தினேன். "தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் ஒரே பதில்: பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம். என்னமோ இரண்டு ஷிப்டு மாதிரி. ஒருவன் மட்டும், "மூக்கு இல்லாததால் தாவரம் இலை வழியாகச் சிரமப்பட்டுச் சுவாசிக்கும்" என்று எழுதியிருந்தான். சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அவன் மேல் குற்றம் இல்லை. நெஞ்சு ஏறி இறங்குவதும் சுவாசம், செல்லுக்குள் குளுக்கோஸ் உடைந்து ஆற்றல் வெளிப்படுவதும் சுவாசம் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம். முதல் பொருள் பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரியும். இரண்டாவது பொருள் ஒரு பாடத்தில் வந்து போகிறது. எது மனதில் நிற்கும்?

போதாததற்கு, புளியமரத்தடியில் ராத்திரி படுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். பேய் என்று சொன்னவரை பரவாயில்லை. இப்போது அதற்கு "மரம் ராத்திரியில்தான் கரியமில வாயு விடும்" என்று விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டார்கள். மரம் பகலிலும் விடுகிறது, ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக உள்ளே இழுப்பதால் வெளியே தெரிவதில்லை என்று விளக்கினால் பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

போன வருடம் ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்த பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன். "இருட்டு வீட்டுல அத்தன நாள் இருந்துச்சே, வெயிலே படல, எதைச் சாப்பிட்டு அவ்வளவு உயரம் வளந்துச்சு?"

"விதைக்குள்ள இருக்கறதத்தான் டீச்சர்."

"அதை என்ன பண்ணுச்சு?"

"கரைச்சிருச்சு."

"அப்ப சுவாசிச்சுச்சா?"

"பூட்டி வச்சிருந்தோமே டீச்சர், எப்படி மூச்சு விடும்?"

பாருங்கள், விஷயம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்தான் குறுக்கே நிற்கிறது. வெளிச்சம் படாததால் பச்சையம் உருவாகாமல் முளை வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஒளிச்சேர்க்கைக்கு வழியே இல்லை. காயவைத்து நிறுத்தால், விதைத்த பயறைவிட முளையின் எடை குறைவாகத்தான் இருக்கும். குறைந்தது எங்கே போனது என்பதுதான் பாடமே.

என் யோசனை: காற்று போய் வருவதற்கு மூச்சு. செல்லுக்குள் நடப்பதற்கு உயிர்ப்பு. உங்கள் கருத்து வேண்டும்.

உசிலம்பட்டி டீச்சர்

----------

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

முளைப்பாரி உதாரணத்துக்கு என் வணக்கம். முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று இருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன்.

> செல்லுக்குள் நடப்பதற்கு உயிர்ப்பு

அழகான சொல், ஆனால் பழைய குழிக்கே திரும்பிப் போகிறோம். உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தான். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. போதாக்குறைக்கு உயிர்த்தலுக்கு ஈனுதல் என்ற பொருளும் உண்டு. நாளைக்கு இனப்பெருக்கப் பாடத்திலும் வந்து வம்பு செய்யும். தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்கு உயிர்ப்பு என்றால் ஈஸ்டர். ஒரு சொல்லுக்கு இத்தனை வீடு இருந்தால் நம் வீட்டுக்கு எப்போது வரும்?

ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். அவர்கள் லத்தீனில் மூச்சைக் குறிக்கும் சொல்லை எடுத்தார்கள், நாம் வடமொழியில் மூச்சைக் குறிக்கும் சொல்லை எடுத்தோம். அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தைத் தேடிப் போய் நாமும் விழுந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே நினைவுக்கு வருகிறார். 1780களில் அவரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது விட்ட கரியமில வாயுவையும், கரி எரியும்போது வரும் வாயுவையும் ஒப்பிட்டார்கள். உடம்புக்குள் நடப்பது ஒரு மெதுவான எரிதல் என்று சொன்னார்கள். அது நுரையீரலில் நடக்கிறது என்று நினைத்தது மட்டும்தான் பிசகு. ஆகவே காற்றை விட்டுவிட்டு நெருப்பைப் பிடிப்போம். உள்ளெரிவு என்று வைத்தால் என்ன?

ஓய்வுபெற்ற வாத்தியார், மதுரை

----------

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது மதுரையில் இருப்பவன். நாங்கள் செல்லைக் கலம் என்றும், செல்லுக்குள் ஆற்றலைப் பிரித்தெடுக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்றும் படித்தோம். ஆனாலும் இது எங்களுக்கும் கலச்சுவாசம்தான். முன்னால் கலம் சேர்த்ததால் ஓரளவு தெளிவு உண்டு, மூக்கு முழுதாக விலகவில்லை. ஒரு சந்தேகம்: மதுரைப் பக்கம் செல் என்றால் கறையான் இல்லையா? முதல் வருடம் "மரத்தைச் செல் அரிச்சிருச்சு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் குழம்பியிருக்கிறேன்.

----------

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். திருமங்கலத்தில் டீசல் எஞ்சின் வேலை பார்க்கிறேன், தமிழ் ஆர்வத்தில் குழுவில் இருக்கிறேன். உள்ளெரி பொறி என்று எங்கள் எஞ்சினைத்தான் சொல்கிறார்கள். சிலிண்டருக்குள் எரிவது எங்களுடையது. இன்னொன்று, உள்ளெரிவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கியபோது வந்தது மாதிரி இல்லை?

----------

மெக்கானிக் அண்ணன் சொன்னதை வகுப்பில் சோதித்துவிட்டேன். உள்ளெரிவு என்று கரும்பலகையில் எழுதியதும் பின் பெஞ்சிலிருந்து "வயித்தெரிச்சல்" என்று ஒரு குரல். சொல் அங்கேயே செத்தது.

ஆனால் வாத்தியார் ஐயாவின் மடலில் "மெதுவான எரிதல்" என்று இருக்கிறதே, அது என்னை விடவில்லை. ஜிகர்தண்டாவுக்குப் பால் சுண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தீயைக் கூட்டினால் அடிப்பிடித்துப் பாழாகிவிடும். சின்னத் தீயில் மணிக்கணக்காக நின்றால்தான் நிறம் மாறிக் கெட்டியாகும். செல் குளுக்கோஸைக் கையாளுவதும் அப்படித்தானே? ஒரே தடவையில் கொளுத்தினால் மொத்தமும் சூடாகப் போய்விடும். பல படிகளாக உடைப்பதால்தான் ஒரு பங்கு ஏடிபியில், அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறில், மாட்டுகிறது. முதலில் செல்லின் சாற்றில் குளுக்கோஸ் பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது, நிகர லாபம் வெறும் 2 ஏடிபி. மிச்சம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சி, அப்புறம் எலக்ட்ரான் கடத்தல். முன்பு குளுக்கோஸ் ஒன்றுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று படித்தோம், இப்போது 30 முதல் 32 என்கிறார்கள். எண் குறைந்தாலும் படிப்படியாக என்பது மாறவில்லை.

அதனால் மெல்லெரிவு. மெல்ல எரிதல்.

எங்கள் அப்பாவிடம் சொன்னேன். அவர் விவசாயி, "கலைச்சொல்லா, அது எதுக்கு?" என்று கேட்பவர். விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைத்துவிட்டு மறுநாள் உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்குமே, அதுதான்பா இது என்றேன். "அப்ப நெல்லு எரியுதுன்னு சொல்லு, சரியாத்தான் இருக்கு" என்றார்.

----------

டீச்சரம்மாவுக்கு,

மெல்லெரிவு பிடித்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். எரிவு தன்வினை: விறகு எரிகிறது. இங்கே எரிக்க ஓர் ஆள் இருக்கிறது, செல். செல் குளுக்கோஸை எரிக்கிறது. ஆகவே மெல்லெரிப்பு. வினையாக்கிப் பாருங்கள்: "விதை மாவுப்பொருளை மெல்லெரிக்கிறது." இடறவில்லை. வினையாகாத கலைச்சொல் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

மூச்சும் மெல்லெரிப்பும் நிஜமாகவே பிரிந்து நிற்கின்றனவா என்று தெரிய, சுவாசம் வருகிற மற்ற சொற்களைப் பிரித்துப் பார்த்தேன். பிச்சாவரத்துச் சேற்றில் அலையாத்தி மரம் வேரை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சுவாச வேர் காற்று வாங்கத்தான். அது மூச்சு வேர். சுவாச மண்டலமும் மூச்சு மண்டலம். சுவாச ஈவு மட்டும் அந்தப் பக்கம் போகாது. அது வெளிவரும் கார்பன் டைஆக்சைடுக்கும் செலவாகும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதம். மாவுப்பொருள் எரிந்தால் 1, கொழுப்பு எரிந்தால் 0.7 அளவு. எது எரிகிறது என்று காட்டுவதால் அது எரிப்பு ஈவு. இதுவரை ஒரே சொல்லால் மூடிக்கிடந்தது இப்படி இரண்டாகப் பிரிகிறது என்றால் சொல் வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் சிவப்பணுவைக்கூட இப்போது ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஊருக்கெல்லாம் ஆக்ஸிஜன் சுமக்கும், மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் தான் மெல்லெரிக்காது.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. காற்றில்லா சுவாசம். ஆக்ஸிஜன் இல்லாமல் எரிப்பு என்றால் உங்கள் பின் பெஞ்சுக்காரன் விடமாட்டான். பள்ளி அளவில் அந்தத் தலைப்பின் கீழ் வருவது ஈஸ்ட் சாராயம் ஆக்குவதும், மாவு புளிப்பதும், மூச்சு வாங்க ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவதும்தான். அதற்கு நொதித்தல் என்ற சொல் கையிலேயே இருக்கிறது. அதை எரிப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்து ஒப்பேற்றும் பாக்டீரியாக்கள் உண்டு, அவை கல்லூரிப் பிள்ளைகளின் தலைவலி. அப்போது பார்த்துக்கொள்வோம்.

----------

ஐயா, மெல்லெரிப்பையே எடுத்துக்கொண்டேன். தேர்வில் மட்டும் சுவாசித்தல் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். திருத்துகிறவர் யாரோ எவரோ, பிள்ளைகளின் மதிப்பெண்ணில் நான் சொல்லாராய்ச்சி செய்ய முடியாது. நோட்டில் பக்கவாட்டில் பென்சிலால் மெல்லெரிப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேற்று அதே கேள்வியைச் சொல்லை மாற்றிக் கேட்டேன். தாவரம் எப்போது மெல்லெரிக்கும்? முளைப்பாரிப் பிள்ளை, "எப்பவும்தான் டீச்சர், நிறுத்துனா செத்துப்போகும்ல" என்றாள். மூக்கு இல்லை என்று எழுதியவன் இன்னும் இறங்கி வரவில்லை. எரிந்தால் சூடு தெரிய வேண்டுமே, காட்டுங்கள் என்கிறான். கேட்டது நியாயம்தான்.

இரண்டு பிளாஸ்க் கொண்டு போகப் போகிறேன். ஒன்றில் முளைகட்டிய பாசிப்பயறு, இன்னொன்றில் வேகவைத்த பயறு, இரண்டுக்கும் பஞ்சு அடைத்து வெப்பமானி. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

----------

தாயி, வேகவைத்த பயறைக் கிருமிநாசினித் தண்ணீரில் அலசிப் போடு. இல்லாவிட்டால் ரெண்டாம் நாள் அதில் பாக்டீரியா ஏறி, அதுவும் சூடு காட்டும். செத்த பயறும் மெல்லெரிக்குது என்று அந்தப் பயல் உன்னை மடக்கிவிடுவான்.

----------

அலசிப் போட்டாயிற்று ஐயா. வெள்ளிக்கிழமை திறக்கிறோம். அதுவரை வீட்டில் காப்பி ஊற்றி வைக்கப் பிளாஸ்க் இல்லை என்று அப்பா கத்திக்கொண்டிருக்கிறார்.