எல்லாரும் இரண்டாவது முறைதான் நன்றாகச் செய்கிறார்கள்: சோதனை அமைப்பில் எங்கே பிழை?

இளவேனில்:
வணக்கம். எம்.எஸ்சி. உளவியல், இரண்டாம் ஆண்டு. பாட்டு ஓடும்போது படித்தால் மனப்பாடம் குறையுமா என்பது என் புராஜெக்ட். 24 பேர். முதலில் அமைதியான அறையில் 20 சொற்களை இரண்டு நிமிடம் படித்துவிட்டு, பார்க்காமல் எழுத வேண்டும். பத்து நிமிடம் கழித்து அதே சொற்கள், இந்த முறை பாட்டோடு. 21 பேர் பாட்டோடுதான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்! கைடு "டிசைன் தப்பு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் திருத்திக் காட்ட வேண்டும். இரண்டு தனிக் குழுவாகப் பிரித்துவிடவா?

குயவன்:
பாட்டு உதவியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே படித்த சொற்களைத் திரும்பப் படிக்கிறார்கள், கூடத்தான் செய்யும். எல்லாருக்கும் அமைதி முதலில், பாட்டு பிறகு என்பதால் பழக்கத்தின் பலன் முழுவதும் பாட்டின் கணக்கில் விழுந்துவிட்டது.

குழு பிரிக்க வேண்டாம். நீளத்திலும் பழக்கத்திலும் சமமான சொற்களாக அ, ஆ என்று இரண்டு பட்டியல் செய்யுங்கள். சீட்டுக் குலுக்கி ஆறு ஆறு பேராக நான்கு வரிசையில் போடுங்கள்:
அமைதி-அ, பாட்டு-ஆ
அமைதி-ஆ, பாட்டு-அ
பாட்டு-அ, அமைதி-ஆ
பாட்டு-ஆ, அமைதி-அ
இதுதான் கவுன்டர்பேலன்சிங். வரிசையின் பலன் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடும். ஆட்கள் மட்டும் புதியவர்களாக இருக்கட்டும், பழைய 24 பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தனிக் குழு ஏன் வேண்டாம் என்றால், நினைவாற்றல் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது அந்த வேறுபாடு கழிந்துவிடுகிறது. 1935இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளரும் ஒரே ஆட்களைத்தான் இரண்டையும் செய்ய வைத்தார்: வெறும் வண்ணக் கட்டங்கள் 100க்கு நிறம் சொல்லச் சுமார் 63 விநாடி, ஒரு நிறத்தின் பெயரை வேறொரு நிற மையில் எழுதிய 100 சொற்களுக்கு மையின் நிறம் சொல்லச் சுமார் 110.

கடலோரம்:
குயவன் சொல்வது சரி. ஆனால் தனிக் குழு இல்லாமல் முடியாத இடமும் உண்டு. லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியலாளர்கள் 1974இல் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி, கார்களின் வேகம் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்ட குழு சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றது, "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்ட குழு சுமார் 32. இரண்டு கேள்வியையும் ஒருவரிடமே கேட்டிருந்தால் நோக்கம் உடனே புரிந்துபோயிருக்கும்.

இளவேனில்:
மிக்க நன்றி! ஒருவேளை குழு பிரித்தே ஆக வேண்டுமென்றால், ஹாஸ்டல் மாணவிகள் ஒன்று, டே ஸ்காலர்கள் ஒன்று என்று வைக்கலாமா? கூப்பிட எளிது.

கடலோரம்:
வேண்டாம்மா. சத்தத்தில் படித்துப் பழகியவர்கள் ஹாஸ்டலில் அதிகம் இருக்கலாம். அப்போது வித்தியாசம் பாட்டாலா, பழக்கத்தாலா என்று பிரிக்கவே முடியாது. ஏற்கெனவே உள்ள குழுக்களை அப்படியே எடுத்தால் அது குவாசி எக்ஸ்பெரிமென்ட், காரணம் சொல்லும் உரிமை குறைந்துவிடும். இரண்டு இடத்து ஆட்களையும் கலந்து சீட்டு எடுங்கள்.

இளவேனில்:
சரி, நான்கு வரிசை முறையையே எடுக்கிறேன். கணக்குக்கு, ஒரே ஆளின் இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடும் பேர்டு டி-டெஸ்ட் தானே?

குயவன்:
ஆமாம். முதலில் நான்கு பேரை வைத்து, வரிசைக்கு ஒருவராக, ஒத்திகை பாருங்கள். 20 சொல்லையும் யாராவது முழுவதுமாக எழுதிவிட்டால் பட்டியலை நீளமாக்குங்கள்.