ஏலக்காய் ஸ்டோர் தெர்மோஸ்டாட்: திரையில் 48 காட்டுகிறது, ஹீட்டர் ஓடவில்லை

கேட்டவர் (கம்பம்):
கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு போகிற வழியில் எங்கள் தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் மின்சார ஹீட்டர். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை ஒரு ரிலே (கட்டளையால் இயங்கும் சின்ன சுவிட்ச்) இயக்குகிறது. ரிலேயையும் நடுத்தட்டில் வைத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரையும், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் 'ஜெனரிக் தெர்மோஸ்டாட்' என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் பகுதியாகச் சேர்த்திருக்கிறேன். கம்பத்து வீட்டிலிருந்தே ஒரு சின்ன பைத்தான் நிரலால் வெப்பத்தை மாற்றப் பார்க்கிறேன். அந்த மென்பொருளின் 'ஏபிஐ / ஸ்டேட்ஸ்' முகவரிக்குப் போஸ்ட் (தகவல் அனுப்பும்) கோரிக்கையில் 48 டிகிரி அனுப்பினால் 200 (சரி) என்று பதில் வருகிறது, திரையிலும் 48 தெரிகிறது. ஆனால் ரிலேயில் 'டிக்' சத்தமே இல்லை என்கிறார் ஸ்டோரில் இருப்பவர். சென்சாரிலிருந்து அடுத்த அளவு வந்ததும் திரை பழையபடி 30 ஆகிவிடுகிறது. டோக்கன் (நிரல் உள்ளே போவதற்கான அனுமதிச் சாவி) கோளாறா? இன்று எடுத்த காய் உள்ளே இருக்கிறது, ராத்திரிக்குள் தெரிந்தால் நல்லது.

பதில் (போடி):
தம்பி, டோக்கன் தப்பாக இருந்தால் 401 (அனுமதி இல்லை) வந்திருக்கும். நீங்கள் அனுப்பும் முகவரிதான் வேறு. ஸ்டேட்ஸுக்குப் போஸ்ட் செய்தால் ஹோம் அசிஸ்டென்ட் தன்னிடம் குறித்து வைத்திருக்கும் மதிப்பு மட்டுமே மாறும், கருவிக்கு ஒரு கட்டளையும் போகாது. கடை வாசல் பலகையில் விலையை மாற்றி எழுதிவிட்டு கல்லாவில் இருப்பவரிடம் சொல்லாத மாதிரி. கருவியை இயக்க 'ஏபிஐ / சர்வீசஸ் / கிளைமேட் / செட் டெம்பரேச்சர்' முகவரிக்கு அனுப்புங்கள். கடைசி இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இல்லை, அடிக்கோடு. கோரிக்கையின் உடலில் ஜேசான் வடிவில் என்டிட்டி ஐடி (தெர்மோஸ்டாட்டின் அடையாளப் பெயர்), டெம்பரேச்சர் (வேண்டிய வெப்பம்) இரண்டும் போதும். இதுவும் போஸ்ட்தான், கெட் (தகவல் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் 405 (இந்த முறை செல்லாது) வரும்.

கேட்டவர்:
அண்ணே, ரிலே பேசுகிறது! 34 வரை சொன்னபடி கேட்கிறது. 48 கொடுத்தால் மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது.

பதில் (நெடுங்கண்டம்):
ஜெனரிக் தெர்மோஸ்டாட் வீட்டு அறைக்காகச் செய்தது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 7 முதல் 35 டிகிரி வரைதான் ஏற்கும். அமைப்பில் மேக்ஸ் டெம்ப் (உச்ச வெப்பம்) மதிப்பை 50 ஆக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அதற்கு மேல் வைக்காதீர்கள், காயின் பச்சை போய்விடும். ஏலத்தில் நிறத்துக்குத்தானே விலை. இன்னொன்று, தெர்மோஸ்டாட் ஆஃப் நிலையில் இருந்தால் எத்தனை டிகிரி அனுப்பினாலும் ஹீட்டர் ஓடாது. முதலில் ஹீட் நிலைக்கு மாற்றும் கட்டளையை அனுப்புங்கள்.

அப்புறம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். சென்சார் ஒயர் கழன்றால் ஜெனரிக் தெர்மோஸ்டாட் கடைசியாகக் கிடைத்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் நிற்காது. காய் கருகுவதோடு போகாமல் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. காண்டாக்டரின் கம்பிச் சுருளுக்குப் போகும் லைனில் தனியாக ஒரு மெக்கானிக்கல் கட்-ஆஃப் (சூடு மீறினால் தானே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். மலையில் நெட் போனாலும் கரண்ட் போய் வந்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

பதில் (போடி):
ரவுட்டரில் 8123 போர்ட்டை (ஹோம் அசிஸ்டென்டுக்குப் போகும் வாசல்) வெளியே திறந்து வைத்திருந்தால் மூடிவிடுங்கள் தம்பி, வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணைப்பு (விபிஎன்) வழியாகப் போங்கள். அந்த டோக்கன் 10 வருஷம் செல்லும். கைமாறினால் உங்கள் ஸ்டோரை யார் வேண்டுமானாலும் சூடாக்கலாம்.

கேட்டவர்:
மேக்ஸ் 50 ஆக்கிவிட்டேன், இப்போது 46-இல் நிற்கிறது. போர்ட்டையும் மூடியாயிற்று. கட்-ஆஃப் போட எலக்ட்ரீஷியன் காலையில் வருகிறார். அதுவரை ஸ்டோரில் ஆள் விழித்திருப்பார். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே.