சீனாவில் தொழில்முனைவுப் பாடம்: மாணவர்களை வகுப்புக்கு வெளியே அனுப்புவது எப்படி?

கேள்வி:
வணக்கம். சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். இந்தப் பருவம் 'தொழில்முனைவு அடிப்படைகள்' பாடம் என்னிடம் வந்திருக்கிறது. 32 மணி நேரம், 2 கிரெடிட், கட்டாயப் பாடம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் முதல் வாரமே 60 பக்கத் திட்ட அறிக்கையை நீட்டுகிறார்கள். வாங்குபவர் ஒருவரிடமாவது பேசினீர்களா என்றால் மௌனம். என்ன செய்யலாம்?

பதில் 1:
சார், பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 2014-ல் தியான்ஜினில் பிரதமர் லீ கச்சியாங் 'மக்கள் எல்லோரும் தொழில்முனைவு' என்று பேசினார். அடுத்த வருடமே கல்லூரி மாணவர்களுக்கான 'இணையம் பிளஸ்' தொழில்முனைவுப் போட்டி தொடங்கியது. பரிசு வந்தால் கல்லூரிக்கும் பெயர். நடுவருக்காக எழுதினால் அறிக்கை தடிக்கத்தானே செய்யும்? பத்தாவது வாரம் வரை அறிக்கையே வாங்காதீர்கள்.

பதில் 2:
ஓஃபோ என்ற வாடகைச் சைக்கிள் நிறுவனத்தின் கதையைச் சொல்லுங்கள். பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் வளாகத்துச் சைக்கிளில் தொடங்கியது. அதுவரை அருமை. அப்புறம் 2018-ல் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு பாதியையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்று நான்கு பேரை வளாகத்துப் பார்சல் நிலையத்துக்கு அனுப்பினேன். ஒரு மாணவி, பார்சல் தேட ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். "சார், செயலி வேண்டாம். மேல் தட்டு எட்டவில்லை, ஒரு ஸ்டூல் போதும்" என்றாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.