மரக்கட்டை வீடு: பின்கதவு இறுகுகிறது, மாடித் தரை தூணருகே மேடாகிறது

கேள்வி – நிலாமுற்றம்

முழு உருளைக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். குடிவந்து இது இரண்டாவது ஆண்டு. பின்கதவு மூன்று மாதமாக நிலையின் மேல்சட்டத்தில் உரசுகிறது. இப்போது தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடுகிறது. மாடியில் இன்னொரு விசித்திரம்: நடுத்தூணின் அருகே ஒரு கோலிக்குண்டை வைத்தால், எந்தத் திசையில் வைத்தாலும் சுவரை நோக்கி உருண்டு போகிறது. மாடிப்படிகளும் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

கதவின் மேல்விளிம்பை இழைத்துவிடலாம் என்கிறார் கணவர். அடித்தளம் இறங்குகிறதோ என்பது என் பயம். யாரை அழைப்பது, எதை முதலில் பார்ப்பது?

பதில் – இழைப்புளி

முதலில் உங்கள் கணவரின் கையிலிருந்து இழைப்புளியை வாங்கி வையுங்கள், சகோதரி. கதவின் மேல் குற்றமில்லை.

மரம் காயும்போது குறுக்குவாட்டில்தான் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். உங்கள் சுவர்க்கட்டைகள் படுத்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டையும் கொஞ்சம் சுருங்க, மொத்தச் சுவரும் கீழே இறங்குகிறது. நடுத்தூண் நின்றுகொண்டிருக்கிறது, அது இறங்காது. சுற்றிலும் மாடித் தரை தாழ, தூணிருக்கும் இடம் மட்டும் மேடாக நிற்கிறது. கோலிக்குண்டு சொல்வது அதைத்தான். கதவு நிலையின் பக்கச் சட்டங்களும் நின்ற மரம்தான். மேலிருந்து சுவர் இறங்கி அதன் தலையில் உட்காருகிறது.

ஈரம் காயாத கட்டையை அடுக்கியிருந்தால் சுவரின் ஓர் அடி உயரத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கலாம். எட்டடிச் சுவரில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 4 முதல் 6 அங்குலம். காய்ந்த மரமென்றால் இது வெகுவாகக் குறையும். முதல் சில ஆண்டுகளில்தான் பெரும்பகுதி நடந்து முடியும்.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கதவுக்கு மேலுள்ள அலங்காரப் பலகையைக் கழற்றுங்கள். நிலைக்கும் அதன் மேலுள்ள கட்டைக்கும் நடுவே இறங்குவதற்கென்றே இடைவெளி விட்டிருக்க வேண்டும். அதில் பஞ்சு போல அமுங்கக்கூடிய பொருள்தான் இருக்கலாம். இரண்டு, நடுத்தூணின் அடியையோ தலையையோ ஒரு மரப்பெட்டி மறைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே தகடும், தடித்த திருகும், பெரிய நட்டும் கொண்ட ஜாக்கி இருக்கும். சுவர் இறங்க இறங்க அதைத் தளர்த்தித் தூணையும் தாழ்த்த வேண்டும். பல வீடுகளில் கட்டிக்கொடுத்தவர் இதைச் சொல்லாமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

பதில் – ஈரக்காற்று

நான் பதினைந்து ஆண்டுகள் இப்படிப்பட்ட வீட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தவன். வாங்குமுன் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். இந்த வீடு ஓயாமல் வேலை கேட்கும். வெயில் நேராக அடிக்கும் பக்கத்தில் பூச்சு சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். மீண்டும் பூசியாக வேண்டும். கருவண்டு விரல் பருமனுக்கு அச்சுப் போல வட்டமான துளை போடும். கட்டைகளின் நடுவே காற்று புகும். தடித்த மரம் குளிரைத் தடுத்துவிடும் என்பது பாதி உண்மைதான்: மென்மரத்தின் வெப்பத்தடை அங்குலத்துக்கு ஆர் 1.25 அளவுதான் (ஆர் என்பது வெப்பத்தடையின் அளவு, எண் கூடினால் தடையும் கூடும்). எட்டு அங்குலக் கட்டை ஆர் 10 தரும். பஞ்சு அடைத்த சாதாரண ஆறங்குலச் சட்டச் சுவர் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தரும். விற்கிற யோசனை இருந்தால் இப்போதே விற்றுவிடுங்கள்.

பதில் – இழைப்புளி

ஆர் கணக்கு சரி. ஆனால் கனத்த சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடுவது அந்த எண்ணில் அடங்காது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் நன்றாக மாறும் இடங்களில் அந்த வேறுபாடு தெரியும். இடைவிடாத கடுங்குளிரில் அவ்வளவாக உதவாது. பெரும்பாலும் வெப்பம் தப்பிப்போவது மரத்தின் ஊடாக அல்ல, மூலைகளிலும் சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் உள்ள சந்துகள் வழியாகத்தான். காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி அந்த இடங்களில் நகர்த்தினால் புகையே காட்டிக்கொடுக்கும். அதற்காக வீட்டை விற்கச் சொல்வது அதிகம், நண்பரே.

நிலாமுற்றம்

விற்கும் எண்ணம் இல்லை. மழை பெய்யும்போது உள்ளே இருக்கிற அமைதியும், சுவரில் கை வைத்தால் ஜில்லிடாமல் இருப்பதும் வேறு எந்த வீட்டிலும் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

மேல்பலகையைக் கழற்றினோம். இடைவெளி இரண்டு அங்குலம் இருக்கிறது, ஆனால் அதற்குள் மரத்துண்டுகளை இறுக்கி அடித்திருக்கிறார்கள்! போதாததற்கு, பலகையின் திருகுகள் நிலையையும் மேல்கட்டையையும் சேர்த்தே பிடித்திருந்தன. துண்டுகளைத் தட்டி எடுத்ததும் கதவு தானாக மூடியது. தூணின் அடியில் ஜாக்கியும் இருக்கிறது. இன்றே முழுவதும் இறக்கிவிடலாமா? வெளிச்சுவரில் நீளமான வெடிப்புகளும் இருக்கின்றன, ஒன்றில் சுண்டுவிரல் நுழைகிறது. அது ஆபத்தா?

பதில் – இழைப்புளி

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறக்காதீர்கள். ஒரு நாளைக்குக் கால் சுற்று, அரைச் சுற்று போதும். எல்லாத் தூண்களையும் சமமாக, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே. நட்டு அசையாவிட்டால் நீளக் குழாயை மாட்டித் திருகாமல், பக்கத்தில் தாங்கு கொடுத்து வேலை செய்யத் தெரிந்தவரை அழையுங்கள்; அந்தத் தூண் மாடியைச் சுமக்கிறது. கதவின் மேல்பலகையை இனி மேல்கட்டையில் மட்டும் திருகுங்கள், நிலையின் முன்னால் அது வழுக்கி இறங்கட்டும்.

வெடிப்பு பயப்படத் தக்கதல்ல. முழுக்கட்டை காயும்போது வெடிக்கத்தான் செய்யும், பொதுவாக வலிமை குறையாது. வாய் வானத்தைப் பார்த்திருக்கும் வெடிப்பைத்தான் கவனிக்க வேண்டும். மழைநீர் அதில் தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. ஆகவே நன்றாகக் காய்ந்த பருவத்தில் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் போரேட் கரைசலை உள்ளே விடுங்கள். அது உலர்ந்த பிறகு, நுரைக் கயிற்றை அழுத்தி வைத்து, அதன்மேல் சந்தை அடைக்கும் நெகிழ்வான பசையான சீலன்ட் போடுங்கள். கயிறு இல்லாமல் போட்டால் சீலன்ட் அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு, மரம் அசையும்போது கிழிந்துவிடும். போரேட் வெறும் மரத்தில்தான் இறங்கும், பூச்சின் மேல் ஊற்றிப் பயனில்லை.

பதில் – ஈரக்காற்று

இதை மட்டும் நான் மறுக்கவில்லை. கூடவே தரைக்கு மிக அருகிலுள்ள அடிக்கட்டையையும், மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகளையும் ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிப்பது அங்கேதான். ஊசி எளிதாக இறங்கினால் உள்ளே இற்றுப்போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். விறகைச் சுவரோரம் அடுக்கியிருந்தால் இன்றே நகர்த்துங்கள்.

நிலாமுற்றம்

அடிக்கட்டைகள் கெட்டியாக இருக்கின்றன. விறகை நகர்த்தியாயிற்று. ஜாக்கியை இரண்டு முறை அரைச் சுற்று இறக்கினோம். இரவில் தூண் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது.

பதில் – இழைப்புளி

பிடித்து நின்ற உத்திரம் உட்காருகிற சத்தம் அது, சில வாரம் வரும். மாடியில் குளியலறை இருந்தால் அங்கிருந்து நேராக இறங்கும் கழிவுக்குழாயைப் பாருங்கள். தரை தாழும்போது குழாயும் உடன் தாழ, வழுக்கும் இணைப்பு ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த அரைச் சுற்றுக்கு முன் பிளம்பரை அழையுங்கள்.