புதுப்பிப்பு: பாட்டில் தண்ணீர், லேபிள் அளவும் உண்மை அளவும்

பாட்டில் தண்ணீர் லேபிளில் போட்ட அளவுக்கு இருக்கிறதா, பிராண்டுகளை எந்தச் சோதனையால் ஒப்பிடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முடிவு வந்துவிட்டது.

கைகொடுத்தது, அளவுக் குடுவையை விட்டுவிட்டுத் தராசில் நிறுக்கச் சொன்ன யோசனைதான். முழு பாட்டிலை நிறுத்து, காலி செய்து உலர்த்தி, மூடியோடு மறுபடி நிறுத்து, வித்தியாசத்தை அடர்த்தியால் வகுத்தேன். 20 டிகிரி செல்சியஸில் அடர்த்தி மி.லி.க்கு 0.9982 கிராம், அதாவது 500 கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட 501 மி.லி. திருத்தம் சின்னதுதான், ஆனால் லேபிளை ஒட்டி வரும் பிராண்டில் முடிவையே மாற்றக்கூடும்.

அப்புறம், ஒவ்வொரு பிராண்டுக்கும் லேபிள் அளவோடு ஒரு-மாதிரி டி-சோதனை, அதாவது சராசரி லேபிள் அளவிலிருந்து விலகுவது தற்செயலா இல்லையா என்று பார்க்கும் சோதனை. எல்லாச் சராசரியும் லேபிளுக்கு மேலேதான். எதிர்பாராதது சிதறல்: ஒரு பிராண்டில் மட்டும் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண்) தெளிவாக அதிகம், அதன் சில பாட்டில்கள் லேபிளுக்குக் கீழே. சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பிராண்டுகளுக்கு இடையே ஒப்பிட வெல்ச் அனோவா (சிதறல் சமமில்லாத குழுக்களின் சராசரிகளையும் ஒப்பிடும் சோதனை) போட்டதும் இதனால்தான். சாதாரண அனோவா எல்லாக் குழுவிலும் மாறுபாடு, அதாவது சிதறல், சமம் என்று எடுத்துக்கொள்ளும்.

செய்யப்போகிறவர்கள் வெவ்வேறு தொகுதி எண் (பேட்ச் நம்பர்) பார்த்து வாங்குங்கள். ஒரே ஓட்டத்தில் நிரப்பிய பாட்டில்கள் ஒன்றுபோலவே இருக்கும், மாதிரி சுயாதீனமாக (ஒன்றையொன்று சாராமல்) இருக்காது.