மொட்டைமாடிச் சூடு: கத்திரிக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி (வேலூர் சத்துவாச்சாரி): மேல்மாடி அறை. ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் தள்ளுது. ஏசி வேண்டாம். வேற வழி?

பதில்: தளத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க. 10 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே இரும்பு டிரம்மில் தண்ணி ஊத்தி நீர்த்துப் போடுங்க. கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி நெளிஞ்சுடும். வடிகட்டி, அரை கிலோ ஃபெவிகால் கலந்து, சாயங்காலம் இரண்டு கோட். தளத்தைக் கழுவி ஈரமா வெச்சு அடிக்கணும். காய்ஞ்ச சூட்டுத் தளத்தில் அடிச்சா பொடியா உதிரும். ஸ்பெயினில் அந்தலூசியா ஊர்கள் சுவரெல்லாம் வெள்ளையா இருப்பதும் இதே கணக்குதான்: வெள்ளை வெயிலைத் திருப்பி விட்டுடும்.

பதில்: கூடவே ஏர்கூலர். ஜன்னலை மூடாதீங்க, ஈரம் தேங்கிப் புழுங்கும். நம்மூர் வறண்ட வெயிலுக்கு எடுபடும். சென்னைப் புழுக்கத்தில் வீண். உப்புத் தண்ணின்னா கூலர் பேடில் (தண்ணி ஊறும் மெத்தை) வெள்ளையாப் படியும், வாரம் ஒருதடவை தொட்டியைக் காலி பண்ணுங்க.

கேள்வி கேட்டவர்: தளத்தில் தட்டோடு பதிச்சிருக்கு. சுண்ணாம்பு பிடிக்குமா?

பதில்: பிடிக்கும். பாசியை மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு எடுத்துடுங்க.